எட்டாவது ஏகாம்பரம்

பதினோரு மாதம் கழித்துத் தன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த கமலவேணி, கதவைத் திறந்த புருஷனைப் பார்த்ததும் வீலென்று அலறினாள். இடுப்பிலிருந்த குழந்தையும் சேர்ந்து அலறியது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள், வந்ததும் வராததுமாக அடிக்கிறானா என்று எட்டிப் பார்த்தாள்.

"நீங்க இங்கயுமா இருக்கீங்க?" என்றாள் கமலவேணி.

காலை ஷிப்டு முடிந்து, காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டி, சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்த நேரம். ஏகாம்பரம் எச்சில் கையோடு நின்றான். பெண்டாட்டி வந்ததற்குச் சிரிப்பதா, அவள் கேட்ட கேள்விக்கு முழிப்பதா என்று அவன் முகத்துக்குப் பிடிபடவில்லை.

நடந்தது இதுதான். பெரிய யுத்தம் முடிந்ததும், ஜெயித்த இரண்டு வல்லரசுகளும் மெட்ராஸ் துறைமுகம் யாருக்கு என்று ஒன்றரை வருஷம் பேசின. ஒன்றும் தீரவில்லை. சரி, ஊரையே ஆளுக்குப் பாதியாகப் பிளந்துகொள்வோம் என்று கை குலுக்கிக்கொண்டன. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று வரைபடத்தை விரித்தபோது நடுவில் அழகாக, நீலமாக ஓர் ஆறு ஓடியது. கூவத்தைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவர்கள் போட்ட கோடு அது. வடகரைக்கு வந்த சிப்பாய்களின் தொப்பியில் கரடி. தென்கரைக்கு வந்தவர்களின் தொப்பியில் கழுகு. ஊர்க்காரர்கள் அதற்குமேல் விசாரிக்கவில்லை. கரடிக்காரன், கழுகுக்காரன். முடிந்தது பெயர்சூட்டு விழா.

வல்லரசுகள் எல்லாவற்றையும் யோசித்திருந்தன, ஒன்றைத் தவிர. இந்த ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அனுப்பிவிடுவார்கள். ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாலத்தின் குறுக்கே முள்கம்பி விழுந்தபோது, தென்கரையில் வாழ்க்கைப்பட்ட வடகரைப் பெண்களில் முதல் பிள்ளை வயிற்றிலிருந்த அத்தனை பேரும் அக்கரையில் அம்மா கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இக்கரைப் பெண்கள் அதேபோல் இக்கரையில். நாலாயிரத்துச் சொச்சம் தகப்பன்மார்கள், பிள்ளை பிறக்கும் முன்பே அதற்கு அந்நிய தேசத்தார் ஆனார்கள். வேறெந்த ஊரைப் பிளந்திருந்தாலும் இந்தக் கூத்து நடந்திருக்காது.

திருவல்லிக்கேணி ஏகாம்பரம் அந்த நாலாயிரத்தில் ஒருவன். டிராம் கண்டக்டர். ராயபுரம் வரை போய்வந்த அவன் வண்டி இப்போது பாலத்தடியில் நின்று, வந்த வழியே திரும்பியது. கமலவேணியின் தாய்வீடு அந்த ராயபுரத்தில். 'ஆண் குழந்தை. இருவரும் சுகம்' என்று ஒரு கார்டு வந்தது. பிறகு பாலத்தில் பெட்டி வந்தது. பெட்டி வந்ததும் கார்டை நிறுத்திவிட்டார்கள். நேரில் போகவே மனுப் போடலாமே, கார்டு எதற்கு என்று.

பெட்டி என்றால் பாலத்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, நடுவே ஆள் தொடை கனத்துக்கு ஒரு கம்பி. அக்கரை போக மனுப் போடுகிறவர் உள்ளே போய் உட்கார வேண்டும். காலராக் கிருமி சோதனை என்றார்கள். ஒரு வெளிச்சம் அடிக்கும். வண்டு முரலுகிற மாதிரி ஒரு சத்தம். நாக்கில் செப்புக்காசு வைத்தாற்போல ஒரு ருசி. அவ்வளவுதான். போன கதவு வழியாகவே வெளியே வந்தால், குமாஸ்தா தணிகாசலம் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை விழுந்த காகிதத்தை நீட்டுவார். முத்திரை, ஆள் உள்ளே போவதற்கு முன்பே விழுந்திருக்கும். ஏகாம்பரம் அதைக் கவனித்திருந்தான். சர்க்கார் வேலை இத்தனை சுருக்காக நடக்கிறதே என்று ஆச்சரியப்பட்டதோடு சரி.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவன் முறை. ஏழு தடவை உட்கார்ந்தான். ஏழு தடவை திரும்பினான். ஒவ்வொரு தடவையும் வேட்டி மடிப்பில் ஒரு வெள்ளி அரைஞாண் கொடி இருந்தது. கண்ணால் பார்க்காத பிள்ளைக்காக வாங்கியது. கொக்கி நிற்கவில்லை என்று தானே பல்லால் கடித்து வளைத்திருந்தான். ஏழு தடவையும் அது அவனோடு போய், அவனோடு திரும்பி, டிரங்குப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டது.

அக்கரையிலிருந்தும் எப்போதாவது யாராவது வந்து சேர்வார்கள். அதிர்ஷ்டக்காரர்கள் என்று ஊர் பேசும். மயிலாப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரே அச்சில் மூன்று மாமியார்கள் வந்து இறங்கியதாகக்கூட ஒரு வதந்தி. ஒரு மாமியாரே மூன்று பேருக்குச் சமம் என்று நினைக்கும் மருமகன்கள் நிறைந்த ஊர். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உள்ள வா, கமலா" என்றான் ஏகாம்பரம், ஒருவழியாக. "இன்னா கேட்டே? இங்கயுமான்னா?"

"முதல்ல நீங்க எத்தினாவது ஆளு, அதைச் சொல்லுங்க."

"இன்னா எத்தினாவது?"

"எங்கம்மா வூட்ல ஏழு பேரு இருக்கீங்க. மாசத்துக்கு ஒருத்தரா வந்து இறங்குனீங்க."

வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், பாவம் என்று நினைத்தான் அவன். தண்ணீர் கொண்டுவரத் திரும்பினான். கமலவேணி குழந்தையைப் பாயில் கிடத்தி அதன் சட்டையைத் தூக்கினாள்.

பிள்ளையின் இடுப்பைச் சுற்றி, நெஞ்சுக்கு ஏறும் அளவுக்கு, அடுக்கடுக்காக வெள்ளி. ஏழு அரைஞாண் கொடி.

ஏகாம்பரம் செம்பைக் கீழே வைத்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்து தன்னுடையதை எடுத்து வந்தான். கொக்கியைப் பார்த்தான். குழந்தையின் இடுப்பிலிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். ஏழிலும் அதே வளைவு, அதே இரண்டு பல்தடம், இடது பக்கத்துப் பல் கொஞ்சம் ஆழமாக. நாக்கால் தன் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவை அவன் வாயில்தான் இருந்தன.

"பேரு வெச்சாச்சா?" என்று கேட்டான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"அதுல மட்டும் சண்டையே இல்லைங்க. ஏழு பேரும் ஒரே நேரத்துல வேதாசலம்னு சொன்னீங்க."

ஏகாம்பரம் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். வேதாசலம் என்ற பெயரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. டிராம் வண்டியில் கூட்டம் குறைந்த வேளைகளில் மனசுக்குள் மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்ட பெயர் அது.

"கரடிக்கார ஆபீசரு வந்து பார்த்தான். முதல்ல வந்தவர்தான் அசலு, மத்தவங்கல்லாம் கழுகுக்காரன் செஞ்சு அனுப்புற போலி, ஜாக்கிரதைம்மான்னு சொல்லிட்டு பிஸ்கோத்து கொடுத்துட்டுப் போனான். அதிலருந்து முதல் ஆளு நாற்காலியை வுட்டு எழுந்திருக்கறதில்லை. ரெண்டாவது ஆளு முகத்தைத் தூக்கி வெச்சுக்கினு இருக்காரு. அம்மா, ஒரு மாப்பிள்ளைக்கே மரியாதை பண்ணி முடியலை, நான் எங்கடி போவேன்னு அழுவுது. நான் ஒருத்தரையும் கிட்ட சேக்கலை. ஏழாவது ஆளுதான் பாவம், வாசப்படியிலயே உக்காந்திருப்பாரு. நல்ல மனுசன்."

அந்த ஏழாவது ஆளை நினைத்து ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. அப்படியென்ன நல்ல மனுசன்?

"அதான் மனுப் போட்டேன். இந்த வூடு பூட்டிக் கிடக்கும், திறந்து பெருக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்னு வந்தேன்."

"புருசன்கிட்டருந்து தப்பிச்சு புருசன் வூட்டுக்கா வந்தே?"

"வேற எங்க போறது?"

அது நியாயமாகத்தான் பட்டது. அவன் யோசித்தான். யோசனை அவனுக்குப் பழக்கமில்லாத வேலை; மெதுவாகத்தான் வந்தது.

"நீ எப்படி வந்தே? பெட்டியிலயா?"

"ஆமா."

"வெளிச்சம் அடிச்சுதா? வண்டுச் சத்தம்? நாக்குல காசு வெச்ச மாதிரி?"

"ஆமாங்க. கதவு திறந்துச்சு. இந்தப் பக்கம் நின்னேன்."

"நானும் ஏழு தடவை அப்படித்தான் உக்காந்தேன், கமலா. ஏழு தடவையும் போகலை."

"போனீங்களே!"

"போயிருக்கேன். ஆனா போகலை."

கமலவேணி அவனையே பார்த்தாள். பிறகு பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"அப்ப நானு?" என்றாள். "அங்க... அந்தப் பக்கமும் கதவு திறந்திருக்குமா? நான் இவனைத் தூக்கிக்கினு வெளிய வந்திருப்பேனா? இல்லைன்னுட்டாங்களேன்னு அழுதுக்கினு, அம்மா வூட்டுக்கே நடந்து போயிருப்பேனா?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். குழந்தை, தன் இடுப்பிலிருந்த ஏழு கொடிகளில் ஒன்றைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் எட்டாவது கொடியை அதன் இடுப்பில் கட்டினான். முதலில் அது அழுதது. மீசை கன்னத்தில் பட்டதும் சிரித்தது. வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குமாஸ்தா தணிகாசலம் தினமும் காலை எட்டேகால் வண்டியில் பாலத்துக்கு வேலைக்குப் போகிறவர். ஜன்னலோரத்து சீட்டில் உட்கார்ந்து மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தவரிடம் ஏகாம்பரம் டிக்கெட்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டான்.

"அக்கரையில நான் ஏழு பேரு இருக்கேனாமே, சார்?"

தணிகாசலம் பொடியை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார்.

"யார் சொன்னா?"

"என் சம்சாரம். நேத்து வந்துட்டா. பாதி வந்துட்டா."

"மெதுவாப் பேசுப்பா." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பத்து வருசம் கழிச்சுத் தலை எண்ணப் போறாங்க. எந்தக் கரையில தலை அதிகமோ, ஊரு முழுக்க அவனுக்கு. ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. அதனால இவன் ஒரு ஆளைக்கூட வெளிய விடமாட்டான். அவனுக்கோ ஆளு வேணும். ரெண்டு பக்கத்து விஞ்ஞானியும் உக்காந்து பேசிக் கண்டுபிடிச்சதுதான் இந்தப் பெட்டி. ஆளு இங்கயே இருப்பான், அங்கயும் போய்ச் சேருவான். யாருக்கும் நஷ்டமில்லை."

"ரெண்டு பக்கமும்தானே பெட்டி இருக்கு? ரெண்டு பக்கமும் சரிசமமாத்தானே தலை ஏறும்?"

"அதை இன்னும் அவங்ககிட்ட யாரும் சொல்லலை."

வண்டி வளைவில் கிரீச்சிட்டது. ஏகாம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் திங்கட்கிழமை வண்டிகள் ஞாபகம் வந்தன. காலையில் கையில் மூட்டையோடு ஏறுகிறவர்கள். பிள்ளைக்குக் கிலுகிலுப்பை வைத்திருப்பவர்கள். சவரம் செய்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி வருகிறவர்கள். சாயங்காலம் அதே மூட்டையோடு அழுதுகொண்டு திரும்புகிறவர்கள். அத்தனை பேரும் காலையிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். தாங்கள் போய்ச் சேர்ந்தது தெரியாமல் இங்கே டிக்கெட் வாங்கி அழுதுகொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சேவா முத்திரை குத்துறீங்க?"

தணிகாசலம் டப்பாவை மூடினார். "எங்கம்மா அக்கரையில இருந்தாங்க. போன மார்கழியில தவறிட்டாங்கன்னு, அங்கருந்து பெட்டியில வந்த ஒரு ஆளு மூலமா சேதி வந்துது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? என் மனுவுல நானே முத்திரை குத்திட்டு, உள்ள போய் உக்காந்தேன். வெளிய வந்தேன். மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கொள்ளி வெச்சிருப்பேன்னு நினைக்கறேன்."

ஏகாம்பரம் அவரிடம் டிக்கெட்டைக் கொடுத்தான்.

வீட்டில் கமலவேணி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல், மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"அவ மறுபடி மனுப் போடுவா."

"யாரு?"

"நான்தான். எனக்கு என்னைத் தெரியாதா? பெட்டிக்குள்ள உக்காந்திருக்கும்போதே நினைச்சேன், இந்தத் தடவை இல்லைன்னா அடுத்த மாசம், அதுவும் இல்லைன்னா அதுக்கடுத்த மாசம்னு. விடமாட்டேன். மாசா மாசம் கைக்குழந்தையோட ஒருத்தி இங்க வந்து நிப்பா. அது போவட்டும், ஒண்ணா இருந்து பொங்கித் தின்னலாம். ஆனா மாசா மாசம் அங்க ஒருத்தி இல்லைன்னு கேட்டுட்டு அழுதுக்கினு நடந்து போவாளே. வந்துட்டோம்னு அவளுக்குத் தெரியவே தெரியாதேங்க."

"கார்டு போகாது."

"பெட்டி போகுமில்ல?"

இரண்டு பேரும் மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ இங்க மனுப் போட்டு முறை வர நாளாகும்" என்றான் ஏகாம்பரம். "நான்தான் போகணும். நாளைக்குத் திங்கக்கிழமை, என் முறைதான்."

"பத்து நிமிசத்துல திரும்பி வந்துடுவீங்க. வறுத்து வெச்சிருப்பேன்."

"வருவேன். ஒருத்தன் வருவான். இன்னொருத்தன் அங்க போய் எட்டாவதா நிப்பான். அவன் இந்த வூட்டை மறுபடி பார்க்க முடியாது. உன்னை, இவனை..."

"அங்கயும் நான்தானே இருக்கேன். அங்கயும் இவன் இருக்கான்."

"ஏழு பேருக்கு நடுவுல."

கமலவேணி ஒரு மீனை எடுத்து, கழுவாமலே சட்டியில் திரும்பப் போட்டாள்.

"அந்த இன்னொருத்தன் யாரு, கமலா?"

"அதுவும் நீங்கதான்."

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றான் ஏகாம்பரம்.

திங்கட்கிழமை காலை பிள்ளையை வெகுநேரம் மடியில் வைத்திருந்தான். எட்டுக் கொடியும் குலுங்க அது அவன் மூக்கைப் பிடித்து முறுக்கியது. வாசலில் கமலவேணி எண்ணெய்க் கையோடு நின்றாள். சீக்கிரம் வாங்க என்று சொல்ல வாயெடுத்து, எந்த ஏகாம்பரத்திடம் அதைச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

தணிகாசலம் முத்திரையைக் குத்தினார். வழக்கமாக மையை ஊதி உலர்த்துகிறவர், இன்று ஊதவில்லை. அவன் கையை ஒரு கணம் பிடித்து, பிறகு விட்டார். ஏகாம்பரம் பெட்டிக்குள் உட்கார்ந்தான். இரண்டில் ஒன்று என்று நினைத்துக்கொண்டான். டிராமில் கடைசி சீட்டுக்கு இரண்டு பேர் ஓடிவந்தால் யாரோ ஒருவனுக்குக் கிடைக்கத்தானே செய்கிறது. ஏழு தடவையும் வீட்டுப் பக்கம் விழுந்திருக்கிறது. எட்டாவதும் அப்படியே விழட்டும். வெளிச்சம் அடித்தது. வண்டு முரன்றது. நாக்கில் செப்பு.

கதவு திறந்தது.

"வருக, தோழர்!" என்றான் கரடித் தொப்பி போட்ட ஒருவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற தமிழில். கையில் ஒரு பிஸ்கோத்துப் பொட்டலத்தைத் திணித்தான்.

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தான். பாலம், முள்கம்பி, அதற்கு அப்பால் தென்கரை. அங்கே பெட்டியிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வெளியே வருவது சின்னதாகத் தெரிந்தது. தணிகாசலம் அவனிடம் காகிதத்தை நீட்டினார். அவன் அதை வாங்கி மடித்து, ஒரு தடவை வடக்கே பார்த்தான். பிறகு வேகமாக நடக்க ஆரம்பித்தான். சாப்பாட்டு நேரத்துக்குப் போகிறவனின் நடை. தன் நடை பின்னாலிருந்து இப்படித்தான் இருக்கும் என்று ஏகாம்பரத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கால்கள் கொஞ்ச நேரம் நகரவில்லை. பிறகு ராயபுரம் பக்கம் நகர்ந்தன.

மாமியார் வீட்டு வாசற்படியில் ஏழாவது ஆள் இல்லை. உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. தரையில் ஆறு ஏகாம்பரங்கள், நாற்காலியில் ஒரு ஏகாம்பரம். ஏழு பேரும் இடதுகையால் மீசையை ஒதுக்கிவிட்டு மோர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஏழாவது ஆள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தில், சோறு போட்டு, எட்டாவது தட்டு ஏற்கெனவே வைத்திருந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை. தங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா?

"வாங்க மாப்பிள்ளை" என்றாள் மாமியார் அடுப்படியிலிருந்து, களைத்த குரலில், திரும்பிப் பார்க்காமலே.

கமலவேணி குழந்தையோடு வந்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன. சுவரில் ஆணியில் புதிய மனு ஒன்று, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தயாராகத் தொங்கியது. அவள் இவன் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

"கொடுங்க. கட்டறேன்."

"இல்லை, கமலா."

"கொடி எங்க?"

"கட்டிட்டேன்."

"யாருக்கு?"

"இவனுக்குத்தான்."

ஏழு கைகளும் தட்டில் நின்றன. கமலவேணி முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் இடுப்பில் வேதாசலம், ஏழே ஏழு கொடிகளோடு, இவனைப் பார்த்துக் கை நீட்டினான்.

"நான் போய்ச் சேர்ந்துட்டேனா?" என்றாள்.

"வியாழக்கிழமையே."

"இவன்?"

"முதல்ல அழுதான். மீசை பட்டதும் சிரிச்சுட்டான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்கப் பயந்த மாதிரி, மெதுவாகக் கேட்டாள்:

"அங்க நீங்க எத்தினி பேரு?"

"ஒருத்தன்தான்."

கமலவேணி ஆணியிலிருந்த மனுவை எடுத்தாள். நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். குனிந்து, மேடுபள்ளமான தரையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த எட்டாவது தட்டுக்கு அடியில் அதை அண்டக் கொடுத்தாள். தட்டு அசையாமல் நின்றது.

"உக்காருங்க" என்றாள். "சோறு காயுது."